மூக்கில் வழிந்த இரத்தம் யாருடையது

அடுப்பு மூட்டும் முன்பே குஸ்தோதியா வந்துவிட்டாள். என் புருஷனுடைய அக்கா. ரமிரோ லாரி கவிழ்ந்து செத்து நான்கு வருடம் ஆகிறது. அந்த உறவும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கலாம், போகவில்லை. கள்ளிவேலி ஓரம் கழுதையைக் கட்டிவிட்டு, வா என்று நான் சொல்லக் காத்திராமல் பந்தலுக்குள் நுழைந்து, விருந்தாளிக்கென்று கட்டி வைத்திருக்கும் வலைத்தூளியில் தொம்மென்று உட்கார்ந்தாள்.

"காப்பி வேண்டாம்," என்றாள். தருவதாக நான் சொல்லவேயில்லை.

இந்தப் பாலைக்காட்டில் ஆடு மேய்த்து வாழும் எங்கள் வயூ ஜனத்தில் விடியும் முன் ஒருத்தி அடுத்த வீட்டுக்கு வந்து காப்பி வேண்டாம் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். கனவு சொல்ல வந்திருக்கிறாள். வாயில் எதுவும் படுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

"யாரைக் கண்டீங்க, மதினி?"

"உன் மகளை. நெல்விஸ் நிக்கிறா. மூக்குலேருந்து ரத்தம். முதல்ல ஒரு சொட்டு, அப்புறம் நிக்காம. கையால பொத்துறா, விரல் இடுக்குல வழியுது. கீழே வெள்ளை டைல்ஸ் தரை. அதுல விழுந்து தெறிக்குது."

"டைல்ஸா?" எனக்குச் சிரிப்பு வந்தது. "என் வீடும் மண் தரை, உங்க வீடும் மண் தரை. கனவு மட்டும் டைல்ஸ் போட்டுக்கிட்டு வருதா?"

"கண்டதைச் சொல்றேன். நீ சிரி."

"சரி, அர்த்தம் என்னவாம்?"

குஸ்தோதியா தலைத்துணியை இழுத்து இறுக்கிக் கட்டினாள். "கத்தி பட்டு ரத்தம் வந்தா வெளியே பகையாளி இருக்கான்னு அர்த்தம். முள்ளு குத்தி வந்தா போற வழி சரியில்ல. மூக்குல வந்தா, உள்ளேருந்து வருது. சொந்தக்காரங்க கையால வருது. கூட உக்காந்து சாப்பிடுறவங்க கையால."

"இந்த வீட்டுல அவகூட உக்காந்து சாப்பிடுறது நான் ஒருத்திதான்."

"நான் பேரு சொல்லலையே."

அவள் எப்போதும் பேர் சொல்ல மாட்டாள். ரமிரோ சாவு வீட்டில் நான் போதுமான அளவு அழவில்லை என்று மூன்று ஊரில் சொல்லி வைத்தவள், அங்கேயும் பேர் சொல்லவில்லை. 'சிலருக்குக் கண்ணு காஞ்ச கிணறு' என்று மட்டும் சொன்னாளாம். எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது.

"கனவு என்ன கேக்குது?" என்றேன். அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஒரு கிடா அறுத்து அக்கம்பக்கத்துக்குப் பங்கு போடணும். அவ ஒரு துண்டு தொடக்கூடாது. துணி கட்டி மறைவுல படுக்க வை. விடியறதுக்குள்ள குளிக்கணும். உப்பில்லாத கஞ்சி. மணிக்கட்டுல சிவப்பு நூல். ரோட்டைத் தாண்டக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நான் மறுபடி காணுற வரைக்கும்."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் புதன்கிழமை. திங்கட்கிழமை காலை ரியோஹாச்சா பட்டணத்துக்குப் போகிற லாரியில் நெல்விஸ் ஏற வேண்டும். செவ்வாய்க்கிழமை நர்ஸ் படிப்பில் பேர் பதிய வேண்டும். அன்றைக்குப் போகாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு. எங்கள் குடிசைகளில் இதுவரை ஒரு பெண்ணும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. குஸ்தோதியாவின் மகள் தெலிசா எட்டாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கிறாள். பொறாமைக்குக் கனவு ஒரு நல்ல கழுதை, ஏறி உட்கார்ந்தால் எங்கே வேண்டுமானாலும் போகும்.

"பொய்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். சொல்ல முடியாது. கனவைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லி, அது பலித்துவிட்டால்? என் சித்தப்பா மகன் ஒருத்தன் அப்படித்தான் சிரித்துக்கொண்டே மீன் பிடிக்கப் போனான், படகு மட்டும் திரும்பி வந்தது. அது தவிர இன்னொன்றும் இருக்கிறது. எங்களில் பிள்ளையின் சதை தாயுடையது, இரத்தம் தகப்பனுடையது. நெல்விஸ் என் குலம், என் ஆட்களின் பேர்தான் அவளுக்கு. ஆனால் அவள் உடம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் வெளியே வந்தால், அதைப் பற்றிப் பேசும் உரிமை ரமிரோவின் ஆட்களுக்கு. அவர்கள் வீட்டில் பெரிய ஆம்பிளை யாரும் உயிரோடு இல்லை. ஆகவே அந்த இரத்தத்துக்கு அதிகாரி என் முன்னால் தூளியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கிடாவை அறுத்தேன். நல்ல கிடா, கறுப்பும் வெள்ளையும். இரத்தத்தோடு வறுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். குஸ்தோதியா தன் பங்கை வாழ்த்தாமல் வாங்கிக்கொண்டு போனாள். குடிசையின் மூலையில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு நெல்விஸைப் பின்னால் படுக்க வைத்தேன். சிவப்பு நூலைக் கட்டும்போது கையை நீட்டினாள், எதுவும் கேட்கவில்லை. அழவும் இல்லை. பாவம், பயந்து போயிருக்கிறாள் என்று நினைத்தேன். என் ஆத்திரம் இன்னும் ஏறியது.

அன்று மத்தியானம் ஊருணிக் கரையில் ஏறினேன். அங்கேதான் செல்லில் சிக்னல் கிடைக்கும். என் தங்கை ஒமைராவைக் கூப்பிட்டேன். ஒமைரா ரியோஹாச்சாவில் இருக்கிறாள். எங்கள் அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் கெட்டிக்காரி அவள்தான். சொந்த வீடு, ஃபிரிட்ஜ், தெருவைப் பார்த்த ஜன்னலில் பலகாரக் கடை. நெல்விஸ் இரண்டு வருடம் அவள் வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடம் முடித்தாள். போன மாதம்தான் திரும்பி வந்தாள். இனியும் அங்கே தங்கித்தான் படிக்கப் போகிறாள். வாடகை கிடையாது, சாப்பாடு அவள் போடுகிறாள். இப்படி ஒரு தங்கை யாருக்கு வாய்க்கும்?

நடந்ததைச் சொன்னேன். ஒமைரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தக் கிழவிக்கு மூக்குதான் கிடைச்சுதா? அக்கா, திங்கக்கிழமை அவளை அனுப்பு. இங்க ஆள் இல்லாம கை ஒடிஞ்சு கிடக்கு. மாவு பிசையறதும் நானே, அடுப்படியும் நானே."

"கனவு சொல்லியாச்சுடி. அவ மறுபடி கண்டாத்தான் விட முடியும்."

"அவ ஒண்ணு கண்டா நீ ஒண்ணு காணேன்."

"என்னடி சொல்ற?"

"அவளுக்கும் மூக்கு இருக்குல்ல?"

இல்லாத கனவைச் சொல்வது திருட்டைவிடக் கேவலம். கனவு என்பவர் எங்களுக்கு ஒரு ஆள், அவர் பேரில் பொய் சொல்வது அவர் வாயில் மண் போடுவது மாதிரி. ஆனால் குஸ்தோதியா முதலில் போட்டாளே! அவள் போட்டால் நானும் போடுவேன். கரையிலிருந்து இறங்கும்போதே சொற்களை அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை, விடியும் முன், அவள் பந்தலில் போய் நின்றேன்.

"காப்பி வேண்டாம்," என்றேன்.

குஸ்தோதியா அடுப்பின் முன் குத்த வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, புரிந்துகொண்டாள்.

"சொல்லு."

"உங்களைக் கண்டேன், மதினி. மூக்குலேருந்து ரத்தம். ரெண்டு துவாரத்துலேயும்."

"ரெண்டுலேயுமா?"

"ரெண்டுலேயும். கறுப்பா, கட்டிகட்டியா. பின்னால என் வீட்டுக்காரர் நின்னு பாத்துக்கிட்டு இருந்தார்."

அந்தக் கடைசி வரியை வழியில் யோசித்து வைக்கவில்லை. வாயில் தானாக வந்தது. குஸ்தோதியாவின் முகம் வெளுத்தது. செத்தவர்கள் வந்து நிற்கிற கனவை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

"என்ன கேக்குது?" என்றாள்.

"நீங்க கேட்டதேதான். கிடா, மறைவு, விடியக் குளியல், உப்பில்லாத கஞ்சி. நான் மறுபடி காணுற வரைக்கும்."

"அம்மாவுக்குச் சர்க்கரை," என்று உள்ளிருந்து தெலிசா கத்தினாள். "கஞ்சியை மட்டும் குடிச்சுக்கிட்டுக் கிடந்தா என்ன ஆவும்னு தெரியுமா அத்தை?"

"நான் என்ன பண்ணட்டும்? கனவு கேக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, குஸ்தோதியாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "இன்னைக்கு ராத்திரியே உங்களுக்கு நல்ல கனவு வந்தா, எனக்கும் வரும்."

அவள் எழுந்து, பானையில் இருந்த காப்பியை மண்ணில் ஊற்றினாள்.

"தெலிசா, துணி கட்டு. நான் படுக்கப் போறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தம் போடுவாள், சாபம் விடுவாள், மத்தியானத்துக்குள் இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆள் வரவில்லை. சனிக்கிழமை தெலிசா மட்டும் வந்து வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

"அம்மாவுக்குத் தலை சுத்துது! எழுந்து நிக்க முடியல! உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா அத்தை?"

"உங்கம்மாவைக் கனவு காணச் சொல்லு."

"சொல்லியாச்சு! மாட்டேங்குறா!"

"அப்ப கிடக்கட்டும்."

தெலிசா காறித் துப்பிவிட்டுப் போனாள். செத்தாலும் பரவாயில்லை, என் மகள் படிக்கக் கூடாது என்று ஒரு பொம்பிளை கிடக்கிறாளே, இது என்ன வன்மம்? நானும் வெறுக்கத் தெரிந்தவள்தான். ஆனால் உப்பில்லாக் கஞ்சியில் நாள்கணக்காகக் கிடந்து வெறுக்க எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை பொறுத்தேன். வெயில் பந்தலைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் லாரி. பெட்டியை எடுத்து நெல்விஸின் உடுப்புகளை மடித்து வைத்தேன். பிறகு மூலையில் தொங்கிய போர்வையைப் பிடித்து இழுத்தேன், கயிற்றோடு வந்துவிட்டது.

"எழுந்திரு. நாளைக்குப் போற. கனவு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. உன் அத்தை சாகட்டும், என்மேல விழட்டும் அந்தப் பழி. உன்னை அவ கெடுக்க விடமாட்டேன்."

நெல்விஸ் தூளியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தைக்கு என்னம்மா?"

அப்போதுதான் உறைத்தது, அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னேன். என் பொய்க் கனவையும் சேர்த்துத்தான். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் முகம் கோணியது.

"நாலு நாளா அத்தை கஞ்சிலயா கிடக்குறாங்க?"

"பொறாமைடி. உன்னை விடக் கூடாதுன்னு பிடிவாதம்."

"அம்மா, நான்தான் கேட்டேன்."

"என்னத்தை?"

"எனக்காக ஒரு கனவு காணுங்கன்னு அத்தைகிட்ட நான்தான் கேட்டேன்."

நான் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே, வேகமாக, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல. படிக்க மாட்டேன் என்று அவள் சொல்லவேயில்லையாம். படிப்பு வேண்டும். ஒமைரா சித்தி வீட்டுக்குத்தான் போக மாட்டாள். நாலு மணிக்கு எழுப்பி மாவு பிசையச் சொல்வாளாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எண்ணெய்ச் சட்டி முன்னால், ராத்திரி பாத்திரம். அது பரவாயில்லை, வேலைக்குப் பயமில்லை. நவம்பரில் ஒருநாள் ஒரு தட்டுப் பலகாரம் கருகிவிட்டது. கரண்டிக் காம்பால் முகத்தில் இரண்டு அடி. இரண்டாவது அடி மூக்கில்.

"அடுப்படித் தரையெல்லாம் ரத்தம். நிக்கவே இல்லம்மா. சித்தி துணியைத் தூக்கிப் போட்டு, 'டைல்ஸ்ல கறை பிடிக்கும், துடை'ன்னா. ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டுத் துடைச்சேன். துடைக்கத் துடைக்க விழுந்துச்சு."

அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூக்குத் தண்டில் ஒரு சின்ன மேடு, அதற்குக் கீழே லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் கண் முன்னால் ஒரு மாதத்துக்கும் மேலாக நடமாடுகிறாள். ஆட்டுக் குட்டிக்குக் காதில் உண்ணி இருந்தால் பத்தடி தள்ளிக் கண்டுபிடிப்பவள் நான். என் மகள் மூக்கு கோணியிருப்பதை நான் பார்க்கவில்லை. அவள் ஊருக்குத் திரும்பிய முதல் நாளே குஸ்தோதியா பார்த்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் நிறுத்தி, "யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னேன்மா."

"எப்ப?"

"லாரியை விட்டு இறங்கின அன்னைக்கு, சித்தி அடிக்கிறாங்கன்னு சொன்னேன். 'ஒரு அடி வாங்கினா செத்தா போயிடுவ'ன்னு கேட்ட. அப்புறம் துணி துவைக்கும்போது சொன்னேன். 'சும்மா சோறு போடுறவளைக் குறை சொல்லாத'ன்ன. படிப்புல இடம் கிடைச்ச காகிதம் வந்த அன்னைக்குச் சொன்னேன். அன்னைக்கு நீ பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த, காதுலயே வாங்கல."

"ரத்தம்னு சொன்னியா? ரத்தம்னு சொல்லியிருந்தா..."

"ரத்தம்னு சொன்னா அப்புறம் அது அப்பா ஆளுங்க விஷயம். அத்தை ரெண்டு குலத்துக்கும் நடுவுல பேசுற பேச்சுக்காரரை அனுப்பி, ரத்தத்துக்கு ஈடு கேக்கணும். சித்தி கொடுக்க மாட்டேம்பா. உன் அண்ணன் தம்பிங்களும் அத்தை பக்கத்து ஆளுங்களும் துப்பாக்கி எடுத்துக்கிட்டு நிப்பாங்க. அதான் சொல்லல. அத்தையையும் சத்தியம் பண்ண வெச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "கனவுன்னா நீ கேப்ப. நான் சொன்னா கேக்க மாட்ட."

அடிக்கத்தான் கை ஓங்கியது எனக்கு. ஓங்கின கை அப்படியே நின்றது. அவள் விலகவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் பழகியிருக்கிறாள், கை ஓங்கினால் கண்ணை மூடிக்கொள்ள. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெயிலில் செருப்பில்லாமல் ஓடினேன். தெலிசா வாசலில் கட்டையை எடுத்துக்கொண்டு வழிமறித்தாள். உள்ளேயிருந்து "விடு" என்று குரல் வந்தது. குஸ்தோதியா துணி மறைவில், தூளியில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நாலே நாளில் பாதி ஆளாகியிருந்தாள்.

"நான் ஒண்ணும் காணல," என்றேன். "பொய். ரெண்டு துவாரம், அவரு பின்னால நின்னது, எல்லாம் பொய். எழுந்திருங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கிடந்தீங்க?"

"ரமிரோ பேரை இழுத்தியே, கொஞ்சம் நடுங்கிப் போச்சுதான். அப்புறம் தெரிஞ்சுது. உனக்குப் பொய் சொல்லும்போது புருவம் தூக்கும்." இருமினாள். "உன் கனவு பொய்னு சொல்லி நான் எழுந்து உக்காந்தா, என் கனவும் பொய்னு சொல்லி நீ அவளை லாரியில ஏத்தியிருப்ப. மாட்டியா?"

ஏற்றியிருப்பேன். அன்றைக்கு மத்தியானம் பெட்டியே கட்டிவிட்டேன்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே, மதினி?"

"உன்கிட்டயா?" அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை, மூக்கால் ஊதினாள். "உன் தங்கச்சி என் தம்பி மகளை அடிச்சான்னு நான் வந்து சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? சொல்லு பாப்போம்."

என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

தெலிசா உப்பும் கறியும் போட்ட சாற்றைக் கொண்டுவந்தாள். குஸ்தோதியா எழுந்து உட்கார்ந்து உறிஞ்சிக் குடித்தாள். நான் அங்கேயே நின்றேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"பேச்சுக்காரரை அனுப்புங்க," என்றேன்.

கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"யார் வீட்டுக்கு?"

"ஒமைரா வீட்டுக்கு."

"அவ உன் கூடப்பொறந்தவ. நான் கேட்டா அவ ஒருத்தி மட்டும் கொடுக்க மாட்டா, உங்க குலமே சேந்து கொடுக்கணும். நீயும் ஆடு ஓட்டிக்கிட்டு வந்து என் பட்டியில விடணும். உன் அண்ணன் தம்பிங்க உன் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க."

"முழிக்க வேண்டாம்."

"கொடுக்கலன்னா சண்டை."

"நான் கேக்க முடிஞ்சா நானே கேப்பேன், உங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன். சதைதான் என்னோடது. ரத்தம் உங்களோடது."

குஸ்தோதியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பேச்சுக்காரர் அங்க போய் நின்னா முதல்ல கேப்பாங்க, யாரு சொன்னதுன்னு. சின்னப் பொண்ணு சொன்னான்னா, கதை கட்டுறான்னுடுவாங்க. நான் சொன்னேன்னா பகைன்னுடுவாங்க."

"நான் சொல்றேன்."

"அவர் முன்னால? பேரோட?"

"பேரோட."

"அப்ப நாளைக்குக் காலையில வா. குளிச்சிட்டு வா, நாத்தம் அடிக்குது." பிறகு தெலிசாவைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை: "என் தங்கச்சி மக ஒருத்தி ரியோஹாச்சா சந்தைக்குப் பின்னால இருக்கா. ஒரே அறை. அந்தப் பொண்ணுக்குத் தூளி கட்ட இடம் இருக்கும்னு இவகிட்ட சொல்லு. கௌரவம் குறைஞ்சுடாதான்னும் கேளு."

"குறையாது," என்றேன் தெலிசாவிடம்.

திங்கட்கிழமை விடியும் முன் குஸ்தோதியா கழுதை மேல் வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்று, நெல்விஸைக் கூப்பிட்டு நல்ல கனவு வந்ததாகச் சொன்னாள். ரமிரோ வந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாராம். அவள் புருவத்தைப் பார்க்கவில்லை நான். சிவப்பு நூலை அறுத்தேன். ரோட்டில் லாரியை நிறுத்தி நெல்விஸை ஏற்றிவிட்டேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அத்தை எழுதிக் கொடுத்த விலாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். எனக்குக் கையசைத்தாளா, அத்தைக்கா என்று தெரியவில்லை. தூசியாக இருந்தது.

அங்கிருந்து நேராகக் குஸ்தோதியாவின் பந்தலுக்குப் போனோம். அவள் கழுதை மேல், நான் பத்தடி பின்னால். பேச்சுக்காரர் சிப்ரியானோ முன்பே வந்திருந்தார். வயதான மனிதர், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இரு குலத்துக்கும் இதுவரை வார்த்தை சுமந்தவர். என்னை அங்கே பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"நீ அந்தப் பக்கத்துப் பொம்பிளையாச்சே, இங்க என்னம்மா வேலை?"

"சாட்சி," என்றாள் குஸ்தோதியா.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார், நான் அதற்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாது, தாயி. யோசிச்சுக்கோ. உன் மகளுக்கு என்ன நடந்துச்சு?"

என் அம்மா செத்தபோது ஒமைராவுக்கு ஐந்து வயது. நான் பிசைந்து ஊட்டி வளர்த்தேன். அதெல்லாம் அந்த நேரத்திலா ஞாபகம் வரவேண்டும்? வந்தது. குஸ்தோதியா என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"நவம்பர் மாசம். ரியோஹாச்சாவுல. கரண்டிக் காம்பால ரெண்டு அடி. மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டுச்சு."

"யாரு அடிச்சது?"

"ஒமைரா," என்றேன். "என் தங்கச்சி."

என் மகள் மூன்று தடவை என்னிடம் சொன்னதை, நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.